மூன்று ஆட்டமாவது ஆட விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பக்கத்துப் பள்ளிகள் தங்களுக்குள் மோதும் குறுவட்ட விளையாட்டுப் போட்டி முடிவுகளைப் போன வாரம் உங்கள் பேப்பரில் பார்த்தேன். ஜெயித்த பள்ளிகளின் பெயர்கள் வந்திருந்தன, சந்தோஷம். வாலிபாலில் முதல் ஆட்டத்திலேயே தோற்று, பத்தரை மணிக்கெல்லாம் வேனில் ஏறிய பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்த வேனில் நானும் இருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

நான் தையல் கடை வைத்திருப்பவள். வயது 54. 1986-இல், சியோல் ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் வாலிபால் அணி வெண்கலம் வாங்கிய வருடம், நான் ஒன்பதாம் வகுப்பு. அந்த உற்சாகத்தில் எங்கள் பி.டி. டீச்சர் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு வலை கட்டினார். நான் கற்றது அங்கேதான். போன வருடம் ஜூனில், ஊர்ப் பள்ளியில் விளையாட்டுச் சொல்லித்தர ஆள் இல்லை என்று தெரிந்து, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போக ஆரம்பித்தேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பதினொரு பிள்ளைகள். ஒருத்திகூட அதற்கு முன்னால் வாலிபாலைக் கையால் தொட்டதில்லை. என்னை 'டெய்லர் அத்தை' என்பார்கள்.

முதல் வாரம் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முன்கை சிவந்து கன்றிப்போய், ஒரு பிள்ளையின் அம்மா கடைக்கே சண்டைக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம் பழைய பந்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு அடிக்க விட்டேன். பெண்களுக்கான வலை 2.24 மீட்டர், அதாவது ஏழடி நாலு அங்குலம். நான் ஆறரை அடியில் கட்டினேன். தையல் டேப்பால் அளந்து மாதத்துக்கு இரண்டு அங்குலம் ஏற்றினோம். சர்வீஸ் கோட்டையும் அப்படியே உள்ளே தள்ளி, வலையிலிருந்து ஐந்து மீட்டரில் சுண்ணாம்பு போட்டு, வாரம் ஓரடி பின்னால் நகர்த்தினேன். மூன்று மாதத்தில் முறையான ஒன்பது மீட்டருக்குப் போய்விட்டோம்.

எல்லாருக்கும் ஸ்மாஷ் அடிக்கத்தான் ஆசை. ஆறு மாதம் அந்தப் பேச்சே கூடாது என்றேன். நான் ஆடிய காலத்தில் சர்வீஸ் போட்ட பக்கத்துக்குத்தான் புள்ளி. சர்வீஸ் தவறினால் பந்துதான் கைமாறும், புள்ளி போகாது. 1990-களின் கடைசியில் விதி மாறியது. இப்போது சர்வீஸ் வலையைத் தாண்டாவிட்டாலே எதிரிக்கு ஒரு புள்ளி. சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் பாதிப் புள்ளிகள் இப்படித்தான் போகின்றன. அதனால் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொருத்தி பெயருக்கும் நேரே, பத்து சர்வீஸில் எத்தனை தாண்டியது என்று தினமும் எழுதினேன். (ஒருநாள் அவசரத்தில் ஒரு ரவிக்கை அளவுக்குப் பக்கத்தில் சர்வீஸ் கணக்கு விழுந்து, வெட்டியபின் பார்த்தால் கை இரண்டு அங்குலம் குறைச்சல். அது வேறு கதை.)

ஒருத்திக்கு மூன்று வாரம் முட்டைதான். பந்தைத் தலைக்குமேல் தூக்கிப் போட்டுவிட்டு, அது வருவதற்குள் கையை வீசிவிடுவாள். "ஒரு சாண் தூக்குனாப் போதும்டீ" என்றேன். நாலாவது வாரம் ஒன்று தாண்டியது. மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு வந்து, "நோட்டுல எழுதியாச்சா அத்தை?" என்று கேட்டாள்.

போன வருடம் ஆகஸ்டில் குறுவட்டம். 25-4, 25-6 என்று தோற்றோம். மொத்தம் இருபத்தெட்டு நிமிடம். வேன் வாடகை கொடுத்துப் போன பிள்ளைகள், கட்டிக்கொண்டுபோன புளிச்சோற்றைத் திரும்பி வரும் வழியில் தின்றார்கள். "அவ்வளவுதானா?" என்றாள் ஒருத்தி. நாக்-அவுட் என்றால் ஒரு தடவை தோற்றாலே வெளியே என்று விளக்கினேன். "அப்ப அடுத்த வருஷம்தானா?" என்றாள். அடுத்த வாரம் மூன்று பேர் வரவில்லை.

தோற்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை, தோற்கத்தான் போயிருந்தோம். ஆனால் நோட்டைப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. பயிற்சியில் பத்துக்கு ஆறு போடுகிறவள் அன்று ஐந்தில் ஒன்றைத்தான் தாண்டவைத்திருந்தாள். எதிரில் ஆறு பேர், ஓரத்தில் கூட்டம், விசில். அந்த நடுக்கத்துக்கு என் மைதானத்தில் மருந்து கிடையாது, ஆட்டத்தில்தான் போகும். பக்கத்து இரண்டு ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துச் சனிக்கிழமைகளில் நாங்களே ஆடினோம். கரிசல் மண் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் கால் வைக்க முடியாது, மார்கழிக்குப் பிறகுதான். இரண்டு டிராக்டர் சரள் அடித்துச் சமப்படுத்தினோம். மாசிக்குள் நாலு ஆட்டம். முதலாவதில் 25-11 தோல்வி, நாலாவதில் 27-25 ஜெயம். அதே பிள்ளை அன்று எட்டுக்கு ஆறு போட்டாள். நின்றுபோன மூன்று பேரில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

இந்த வருடம் குறுவட்டத்தில் 25-17, 25-20 தோல்வி. சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு முதல் ஆட்டமே கடைசியில் கோப்பை வாங்கிய அணியோடு. மறுபடியும் வேன்.

ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளோடு ஆடுகிற லீக் வைக்கக் கூடாதா என்று அங்கிருந்த ஓர் ஆசிரியரிடம் கேட்டேன். "இரண்டு நாள் ஆகும்மா, சாப்பாடு, வேன் எல்லாம் யார் பார்ப்பது?" என்றார். நியாயமான கேள்விதான். வீட்டுக்கு வந்து அதே நோட்டில் கணக்குப் போட்டேன்.

பதினாறு அணி என்று வையுங்கள். நாக்-அவுட்டில் பதினைந்து ஆட்டம். மூன்றுக்கு இரண்டு செட் ஜெயிக்க வேண்டும் என்பதால் குறைந்தது முப்பது செட். இதில் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகின்றன. அதற்குப் பதில் நாலு நாலாக நாலு பிரிவு. பிரிவுக்கு ஆறு ஆட்டம், ஆட்டத்துக்கு ஒரே ஒரு செட், 25 புள்ளி. இருபத்துநாலு செட்டில் முதல் சுற்று முடிந்துவிடும். பிரிவில் முதலில் வந்த நாலு அணிக்கு அரையிறுதி, இறுதி மட்டும் இப்போது போலவே. மூன்று ஆட்டம், குறைந்தது ஆறு செட். கூட்டிப் பாருங்கள், அதே முப்பது! அதே ஒரு நாள், அதே ஒரு வேளைச் சாப்பாடு. எந்த அணியும் மூன்று ஆட்டத்துக்குக் குறைந்து வீடு திரும்பாது. போன வருடம் அரையிறுதிக்கு வந்த நாலு அணிகளை ஆளுக்கொரு பிரிவில் போட்டுவிட்டால் குலுக்கல் வயிற்றெரிச்சலும் இருக்காது.

பதினேழு, பத்தொன்பது வயதுப் பிரிவுகளுக்கு நான் கேட்கவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும், வாலிபாலுக்கு மட்டும், எங்கள் ஒரு குறுவட்டத்தில் மட்டும் ஒரு வருடம் நடத்திப் பார்க்கலாம். நடத்துகிற ஆசிரியர்களுக்கு ஆள் பற்றாக்குறை என்று தெரியும். சுண்ணாம்பு போட, புள்ளி எழுத, கோட்டு நடுவராகக் கொடி பிடிக்க நான் வருகிறேன். தீபாவளிக்கு முன்னால் என்றால் கொஞ்சம் கஷ்டம், தைக்கிற துணி குவிந்து கிடக்கும். ஆகஸ்ட் என்றால் கடையை ஒரு நாள் சாத்திவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.