எழுதிக் கொடுங்கள்: வேலூர் மாவட்டப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் வணக்கம்.

குடியாத்தம் வட்டத்தில் வசிக்கிறேன். ஆட்டிசம் உள்ள பதினொரு வயதுப் பையனுக்குத் தகப்பன். காட்பாடி, பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கங்களில் இருந்து, இதே போன்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் சிலர் அவ்வப்போது கூடிப் பேசுகிறோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகிறது. அதை உங்கள் முன் வைக்கிறேன். எங்கள் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எடுக்கும் முடிவு எதுவானாலும் அதை எழுதிக் கொடுங்கள். சேர்த்துக்கொள்கிறோம் என்றாலும் சரி, முடியாது என்றாலும் சரி.

எங்களை யாரும் வாசலில் நிறுத்தி விரட்டுவதில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். நாற்காலி போடுகிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள், பையனின் கன்னத்தைத் தட்டிப் பெயர் கேட்கிறார்கள். அவன் பதில் சொல்லாமல் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவரின் குரல் இறங்கிவிடும். "உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் சார்." "மற்ற பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்." "அடுத்த வருடம் பார்க்கலாமே." விண்ணப்பப் படிவம் மட்டும் மேசைக்கு அந்தப் பக்கமே இருந்துவிடும். ஒரு பள்ளியில் எதிரில் இருந்தவரிடம் என் மனுவை நீட்டி, "சரிங்க சார், இயலாது என்று இதன் கீழேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்றேன். அதுவரை கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "இதற்கெல்லாம் எதற்கு சார் எழுத்து, மனசு விட்டுப் பேசிக்கொள்ளலாம்" என்றார். மனசு விட்டுப் பேசினோம். இடம் கிடைக்கவில்லை.

எழுதக் கை வராததற்குக் காரணம் எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்படி. அரசு நிதி பெறும் பள்ளியோ, அரசின் அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியோ, பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது 31ஆம் பிரிவு. அதை அருகிலுள்ள பள்ளியிலும் பெறலாம், விரும்பினால் சிறப்புப் பள்ளியிலும் பெறலாம். விரும்புவது நாங்கள். "ஸ்பெஷல் ஸ்கூலில் போய்ச் சேருங்கள்" என்று எங்கள் சார்பில் விரும்பிக் கொடுக்கும் வேலையை அந்தச் சட்டம் உங்களிடம் ஒப்படைக்கவில்லை. "வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுங்கள், டீச்சர் வந்து பார்ப்பார்" என்பதும் அப்படித்தான். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், கடுமையான குறைபாடு உள்ள பிள்ளை வீடு சார்ந்த கல்வியைத் தேர்ந்துகொள்ளலாம் என்கிறது. பள்ளி தேர்ந்து தரலாம் என்று சொல்லவில்லை.

ஆகவே மறுப்பு வாயளவிலேயே நின்றுவிடுகிறது. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் இந்த மாவட்டத்தில் எந்தப் பிள்ளைக்கும் எந்தப் பள்ளியும் கதவை மூடியதே இல்லை. மேலதிகாரியிடம் போய் நின்றால் முதல் கேள்வியே "மறுத்ததற்கு ஆதாரம் என்ன?" என்பதுதான். தண்ணீர் கொடுத்த டம்ளரையா காட்டுவது?

சேர்த்துக்கொண்ட பிறகும் வாய்மொழி தொடர்கிறது. பேரணாம்பட்டுப் பக்கத்தில் ஓர் அம்மா. மகனுக்கு மூளை முடக்குவாதம். புத்தி தெளிவு, நடைதான் இல்லை. "நீங்கள் கூடவே இருந்தால் வைத்துக்கொள்கிறோம்" என்று சொல்லிச் சேர்த்தார்கள். பையனைக் கழிப்பறைக்குத் தூக்கிப் போக ஆள் வேண்டும், அவ்வளவுதான். அதற்காகக் காலை மணி அடித்ததில் இருந்து மாலை வரை பள்ளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பீடி சுற்றும் வேலை. இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனை மடித்து, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்குள் அதைச் செய்ய முடியாது. புகையிலை பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு ஆகாது என்பது நியாயம்தான். இரவில் மகன் தூங்கிய பிறகு சுற்றுகிறார், பாதிக் கணக்குதான் தேறுகிறது. இலவசக் கல்வி என்று அரசு சொல்லும் கல்விக்கு அவர் தினமும் அரைக் கூலி கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பையனுக்கு விடுமுறை. "தாய் வராத நாளில் மாணவனுக்கு வகுப்பு இல்லை" என்று அந்தப் பள்ளி முத்திரை வைத்து எழுதிக் கொடுக்குமா? எழுதக் கூசுகிற நிபந்தனையைச் சொல்ல மட்டும் எப்படி மனம் வருகிறது?

உங்கள் கஷ்டமும் எங்களுக்குத் தெரியாததல்ல. வட்டார வள மையத்தில் இருந்து வரும் சிறப்பாசிரியருக்குப் பல பள்ளிகள். அவர் வரும் நாளில் பையனுக்குச் சளி பிடித்திருந்தால் அந்த முறை போயிற்று. மற்ற நாட்களில் வகுப்பாசிரியர் ஒரே ஆளாக மொத்த வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. உங்கள் பள்ளியில் அந்த ஆள் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். "மாணவனைச் சேர்த்துக்கொண்டோம், சிறப்பாசிரியர் இல்லை, ஆயா இல்லை, சாய்தளம் இல்லை." இந்த ஒரு தாள் உங்களுக்கு எதிரான ஆயுதம் என்று நினைத்து அஞ்சுகிறீர்கள். உண்மையில் அது உங்களுக்கும் சேர்த்துத்தான். ஊழியராக இருந்துகொண்டு நீங்கள் மேலே அழுத்திக் கேட்க முடியாததை, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகக் குறைதீர்வு வரிசையில் நின்று நாங்கள் கேட்போம். வரிசையில் நிற்பது எங்களுக்குப் பழகிப்போன வேலை.

பெற்றோரை எதிராளியாகப் பார்க்காத வழக்கம் வேலூருக்குப் புதிதல்ல. சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் பாகாயத்தில் 1957இல் தொடங்கியது. நோயாளியை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டு குடும்பத்தைத் திருப்பி அனுப்பாமல், குடும்பத்தாரையும் கூடவே தங்க வைத்துச் சிகிச்சையில் பங்கு கொடுத்த முன்னோடி இடங்களில் அது ஒன்று. அங்கேயே உள்ள நம்பிக்கை நிலையத்தில் அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் பயிற்சி உண்டு. மருத்துவம் இந்த ஊரில் எப்போதோ ஏற்றுக்கொண்ட ஒன்றுக்குப் பள்ளிக்கூடம் மட்டும் ஏன் இன்னும் தயங்குகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரியில் தாய் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். பள்ளியில் தாய் சொன்னால் "எல்லாம் எங்களுக்குத் தெரியும்மா" என்கிறார்கள்.

தெரியாது என்பதற்கு என் பையனே சாட்சி. அவனுடைய பதிவேட்டில் "வாசிக்கத் தெரியாது" என்று இருக்கிறது. பஸ் நிலையத்தில் நின்றால் ஒடுகத்தூர், மேல்பட்டி, பரதராமி என்று பலகையில் இருப்பதை எல்லாம், பஸ் திரும்பி முடிப்பதற்குள் சொல்லிவிடுவான். புத்தகத்தைக் காட்டி "படி" என்று உரக்கச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வான். சத்தம்தான் அவனுக்குச் சிக்கல், எழுத்து அல்ல. பள்ளி மணிக்குப் பக்கத்தில் இருக்கும் வகுப்பில் இருந்து அவனை மாற்றி உட்கார வைக்கவும், ஊர்ப் பெயர்களில் இருந்து பாடத்தைத் தொடங்கவும் பைசா செலவில்லை. இதை நான் மூன்று ஆசிரியர்களிடம் வாயால் சொல்லிவிட்டேன். ஒவ்வொருவரும் அன்போடு கேட்டுக்கொண்டார்கள், மாற்றலாகிப் போனார்கள். சொன்னதும் அவர்களோடு போய்விட்டது.

பருவத்துக்கு ஒரு தாள் போதும். பிள்ளைக்கு என்ன வரும், எது தடை, இந்தப் பருவத்தில் எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறோம், யார் பொறுப்பு, எப்போது உட்கார்ந்து பார்ப்போம். தனிநபர் கல்வித் திட்டம் என்று பெரிய பெயரெல்லாம் இருக்கிறது. பெயர் எதுவாக இருந்தாலும் வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், பெற்றோர் மூவரும் கையெழுத்திட்டு, ஒரு நகல் எங்கள் வீட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கவனித்துவர வேண்டும் என்பதும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அதே 16ஆம் பிரிவில்தான் இருக்கிறது.

பத்தாம் வகுப்பை நெருங்குபவர்கள் விஷயத்தில் இது இன்னும் அவசரம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையை எட்டாம் வகுப்பு வரை "சோம்பேறி" என்று அடித்துவிட்டு, பத்தாம் வகுப்பில் "சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்டால், அந்தத் தகப்பன் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கும் பள்ளிக்குமாக அலைந்து முடிப்பதற்குள் கடைசித் தேதி போய்விடுகிறது. ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே இவையெல்லாம் உண்டு என்று பெற்றோருக்கு எழுத்தில் தெரிவித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்பது கல்வி உரிமைச் சட்டம். நலிவுற்ற பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய பங்கு தர வேண்டும் என்பதும் சட்டம். 2012 திருத்தத்துக்குப் பிறகு எங்கள் பிள்ளைகளும் அந்தப் பிரிவில் அடக்கம். கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புங்கள், கையெழுத்து வாங்க மட்டும் நோட்டை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் சேர்க்கையையும் அவர்களுக்கான வசதிகளையும் கவனிக்க மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு பொறுப்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் விசாரித்து, சேர்க்கை அறிவிப்பு ஒட்டும் பலகையிலேயே ஒட்டிவையுங்கள்.

வரும் ஜூன் மாதம் எங்களில் சிலர் உங்கள் பள்ளிகளுக்கு வருவோம். தனியாக வர மாட்டோம், இருவர் இருவராக வருவோம். குரல் உயர்த்த மாட்டோம். மனு இரண்டு நகலாக இருக்கும். ஒன்று உங்களுக்கு. மற்றொன்றில் பெற்றுக்கொண்ட தேதி, கையொப்பம், பள்ளி முத்திரை இட்டு எங்களிடம் திருப்பிக் கொடுங்கள். முடிவு என்ன என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் அதே முகவரிக்கு எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குடியாத்தம் வட்டத்தில் இருந்து ஒரு தகப்பன்