சிலிம் ரிவர் ஒட்டுக்கடைச் சுவரில் தாள் ஒட்டியவருக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சிலிம் ரிவர் போர்க்களத்தைப் பற்றியும், அதைப் பார்க்கப் போகிறவர் கவனிக்க வேண்டியதைப் பற்றியும் தாள் எழுதி ஒட்டிவிட்டு, பெயர் போடாமல் போய்விட்டீர்கள். ஐயாவோ அம்மாவோ, நன்றி.

1942 ஜனவரி 7, விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் வடக்கே திரோலாக் ஊர்ப் பக்கம் நெடுஞ்சாலையில் இறங்கி, பிரிட்டிஷாரின் 11-ஆவது இந்தியப் படைப்பிரிவை உடைத்து, காலையிலேயே சிலிம் ஆற்றுப் பாலம்வரை வந்தன. பாடநூலில் இது இரண்டு வரி. உங்கள் தாள்தான் காரணத்தைக் காட்டுகிறது: சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகளை யாரும் அடைக்கவில்லை. முன்னால் கண்ணிவெடி, தடுப்பு; டாங்கிகளோ பழைய வளைவில் திரும்பி, காவல் நின்றவர்களுக்குப் பின்னால் வந்து நின்றன.

பார்க்கப் போகிறவர்களுக்கு நீங்கள் எழுதியதும் சரியே. பிளஸ் என்னும் வடக்கு-தெற்கு விரைவுச்சாலையில் பறந்தால் ஒன்றும் தெரியாது. தஞ்சோங் மாலிமில் இறங்கி முதலாம் கூட்டரசுச் சாலையைப் பிடிக்க வேண்டும். மழைக்கு மறுநாள் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் காரை இறக்கக் கூடாது. குலை லாரி பறித்த பள்ளத்தில் அடிப்பாகம் தட்டும். ஓரத்துப் பெரணிக்குக் கீழே பெரும்பாலும் வடிகால்தான்.

நுழையாதே என்னும் பலகை விஷயம் இன்னும் முக்கியம். தோட்டப் பலகை என்றால் தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டால் போதும். துப்பாக்கிப் படம் போட்ட சிவப்புப் பலகை பாதுகாக்கப்பட்ட இடங்கள் பற்றிய 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறிவித்த இடத்துக்கு உரியது. அங்கே விவாதம் வேண்டாம். ஆனால் பொதுச்சாலை ஓரத்தில் நின்று பாலத்தைப் படமெடுப்பவரிடம் "பெர்மிட் எங்கே?" என்று கேட்கும் சில்லறை அதிகாரத்துக்கு, "எந்தச் சட்டம், எழுதிக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்கச் சொன்னீர்களே, அது பிரமாதம்.

தாளின் மூலை நனைந்திருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டோம்.