அந்தச் சேஸிஸ் போலி அல்ல: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மிலிட்டரி டிஸ்போசல் ஜீப்புகளை, அதாவது ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளை, ஒவ்வொரு உதிரியாகத் தேடிச் சேர்த்துக் கட்டும் உங்களுக்கு எங்கள் கடையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் பத்து நாட்களாக வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் ஒரு படம் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. எங்களிடம் வாங்கிய ஜீப் சேஸிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) முன்பக்கத்தைப் படமெடுத்து, "இது வில்லிஸ் அல்ல, பட்டறையில் அடித்த போலி" என்று எழுதியிருக்கிறார்கள்.

வில்லிஸ் அல்ல என்பது உண்மை. அது ஃபோர்டு. 1942 முதல் 1945 வரை ஒரே ஜீப்பை இரண்டு கம்பெனிகளும் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்தன. வில்லிஸின் எம்.பி. மாடலில் ரேடியேட்டருக்கு அடியில் வரும் கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) உருண்டைக் குழாய். ஃபோர்டின் ஜி.பி.டபிள்யூ. மாடலில் அது கவிழ்த்துப்போட்ட தொட்டி போல இருக்கும். படத்தில் இருப்பது இந்தத் தொட்டிதான். குழாய் இல்லை என்பதற்காகப் போலி என்று சொல்லிவிட முடியுமா? ஃபோர்டு தன் போல்ட்டுகளில்கூட 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. சேஸிஸ் எண்ணையும் தகட்டில் அடித்து ஒட்டாமல், இடது சட்டத்தின் மேலேயே வெட்டியது. விற்பதற்கு முன்பு அந்த இடத்தை மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் கொண்டு நானே தேய்த்தேன். மூன்று அடுக்குப் பச்சைப் பெயிண்டுக்குக் கீழே இலக்கங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. எண்ணை அராவி மாற்றியிருந்தால் விரல் நகத்தை ஓட்டும்போதே பள்ளம் தட்டும். அங்கே பள்ளம் இல்லை.

ரசீதில் 'ஃபோர்டு' என்று எழுதாமல், பழக்கத்தில் 'வில்லிஸ்' என்று எழுதியது எங்கள் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் போலி விற்பவன் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியாது.

இஞ்சின், கியர்பாக்ஸ், பாடி எதையும் பிறகு தேடிக்கொள்ளலாம். சேஸிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் வண்டி சாலையில் இறங்க முடியாது. அதனால்தான் ஏலக் காகிதம் இல்லாத சேஸிஸை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நாங்கள் உள்ளே எடுப்பதில்லை. வந்ததை மூலைக்கு மூலை குறுக்காக நாடா பிடித்து அளக்கிறோம். இரண்டு அளவும் ஒத்து வராவிட்டால் சட்டம் எங்கோ கோணியிருக்கிறது என்று பொருள். ஸ்பிரிங் தொங்கும் இடங்களில் பெயிண்டைச் சுரண்டி, பழைய வெல்டிங்கும் விரிசலும் இருக்கின்றனவா என்று பார்க்கிறோம். நீங்கள் வேறு எங்கு வாங்கினாலும் இவற்றைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கடையில் வரும் இரண்டு மாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மூத்த மேஸ்திரி உடல்நிலை காரணமாக இனிச் சனிக்கிழமை மட்டுமே வருவார். கியர்பாக்ஸ், ஆக்ஸில் பிரித்துக் காட்ட அடுத்த மாதம் முதல் ரூ.1,500, பொருளை எடுக்காவிட்டாலும் அது திரும்பாது.

படம் பரவிய மறுநாளே போன் செய்து, "அண்ணே, நாங்கள் இருக்கிறோம்" என்று சொன்னவர்களை நான் மறக்கமாட்டேன். முதல் ஜீப்பை எங்கள் முற்றத்தில் கட்டிவிட்டு இன்று மகனை அழைத்துக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள். உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

அந்தச் சேஸிஸை முழுப் பணம் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொண்டேன். இப்போது கடை முற்றத்தில் வேப்பமரத்தடியில் கிடக்கிறது. எண்ணைத் துடைத்து வைத்திருக்கிறேன், யாரும் வந்து பார்க்கலாம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்