மர உச்சியில் ஒரு பிடி ஈர மண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிபோர்னியாவின் வானளாவிய ரெட்வுட் மரங்களிலிருந்து பாய்ந்து காற்றில் இறங்கும் சாலமாண்டர் என்னும், பல்லி உருவம் கொண்ட, தவளைக்கு உறவான உயிரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். கால்களையும் வாலையும் விரித்து, விழும் வேகத்தை 10 சதவீதம் வரை அது குறைத்துக்கொள்வதைச் செங்குத்தாக வீசும் காற்றில் சோதித்து, ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டது உண்மையே. ஆயினும் அந்தப் பாய்ச்சலைவிட வியப்பானது, 60 மீட்டருக்கும் மேலே அது உயிர் வாழ்வதுதான். கட்டுரை அதைத் தொடவே இல்லை.

ஒரு சாண்கூட இல்லாத இந்த உயிருக்கு நுரையீரல் கிடையாது. தோலாலும் வாயின் உட்சவ்வாலுமே மூச்சுவிடுவதால், தோல் உலர்ந்தால் மூச்சும் நின்றுவிடும். அதைக் காப்பது மரத்தின் மேலேயே உருவாகும் மண். உதிரும் இலைகள் பருத்த கிளைகளின் கவட்டைகளில் தேங்கி மக்க, அதில் பெரணிகள் வேர்விட்டுப் படர, அந்தப் படுகை மழையையும் கடல்மூடுபனியையும் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருக்கிறது. முட்டையிடக் குளமோ ஓடையோ தேவையில்லை. ஈரப் பொந்தின் மேற்புறத்தில் மெல்லிய காம்புகளால் தொங்கும் முட்டைகளைத் தாய் உடனிருந்து காக்க, நீர்வாழ் இளம்பருவம் ஏதுமின்றி, முழு உருவம் பெற்ற குஞ்சுகளே வெளிவருகின்றன.

இத்தகைய படுகை சேர நூற்றாண்டுகள் ஆகும். வெட்டப்பட்ட காட்டில் மீண்டும் வளர்ந்த இளமரங்கள் ஓங்கி நின்றாலும் அவற்றில் அது இருப்பதில்லை. பழைய ரெட்வுட் காட்டிலோ ஏறத்தாழ 5 சதவீதமே எஞ்சியிருக்கிறது. ஒரு மரத்தை வெட்டிப் பத்துக் கன்றுகளை நட்டால் ஈடாகிவிடும் என்று நம் பக்கத்துச் சாலை விரிவாக்கங்களின்போது சொல்லப்படும் கணக்கை நான் ஏற்க மறுப்பது இதனால்தான். கன்று நடுவது நல்லதே. ஆனால் முதுமரத்தின் பொந்தையும் பாசியையும் கன்றால் தர இயலாது.

தென்னிந்தியாவில் சாலமாண்டர் இல்லை. இந்தியாவில் அதன் இனத்தார் இருப்பது கிழக்கு இமயமலையிலும் வடகிழக்கு மலைகளிலும்தான். ஆனால் மதுரையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள மேகமலையிலும் கொடைக்கானல் சோலைகளிலும் வாழும் சிறு புதர்த்தவளைகள், தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளைகளாக வெளிவருகின்றன. அவற்றுக்கும் ஈரம் காக்கும் பழைய காடே ஆதாரம். வெளிநாட்டு உயிருக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய தாங்கள், வரும் மழைக்காலத்துக்குள் இவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
திருப்பரங்குன்றம், மதுரை.