கார் கையேடு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்: கூலன்ட் பக்கத்தை முழுதாக எழுதுங்கள்

உரிமையாளர் கையேடு எழுதுகிறவர்களுக்கு, வணக்கம்.

பாட்டுப் பெட்டியோடு போனை இணைக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை மாற்றுவது எப்படி என்று புரட்டினால், பல கையேடுகளில் “சர்வீஸ் மையத்தை அணுகவும்” என்ற ஒரு வரிதான். அந்த வரியைப் படித்துவிட்டு யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை. வீட்டிலேயே செய்கிறார்கள், பாதி தெரிந்து செய்கிறார்கள். கெட்டுப்போவது எஞ்சின்.

முதலில் கொள்ளளவு. அச்சிட வேண்டியது ஓர் எண் அல்ல, இரண்டு: மொத்தம் எவ்வளவு பிடிக்கும், ரேடியேட்டரைத் திறந்தால் எவ்வளவு வடியும். எஞ்சின் பிளாக்கிலும், காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரிலும் பாதிக்குக் கிட்ட உள்ளேயே நின்றுவிடும். 6 லிட்டர் பிடிக்கிற காரில் 3 லிட்டர் வடிகிறது என்று வையுங்கள். தண்ணீர் ஊற்றி, ஓட்டி, வடித்து, தெளிவாக வரும்வரை மூன்று நான்கு முறை கழுவியாயிற்று. இப்போது உள்ளே நிற்கும் 3 லிட்டரும் ஏறக்குறைய வெறும் தண்ணீர். அதன்மேல், பாதி தண்ணீர், பாதி கிளைக்கால் (உறைவதைத் தடுக்கும் பொருள்) என்று கலந்தே விற்கும் கூலன்ட்டை 3 லிட்டர் ஊற்றினால் கிளைக்கால் 25 சதவீதம்தான் தேறும். −37 டிகிரி செல்சியஸ் வரை உறையாமல் இருக்க வேண்டியது −12 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கும். குளிரே இல்லாத ஊரிலும் தப்ப முடியாது. துருவைத் தடுக்கும் மருந்தும் பாதியாகிவிடுகிறதே. கழுவிய பிறகு, கலக்காத கான்சன்ட்ரேட்டை மொத்தக் கொள்ளளவில் பாதி, அதாவது 3 லிட்டர், முதலில் ஊற்ற வேண்டும். மிச்ச இடம் இருந்தால் மட்டும் தண்ணீர். இந்தக் கணக்கை நீங்கள் போடாவிட்டால் வேறு யார் போடுவது?

தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீர் என்றும் எழுதுங்கள். முதல் கழுவல்களுக்குக் குழாய்த் தண்ணீர் போதும். கடைசிக் கழுவலுக்கும் கலப்பதற்கும் காய்ச்சி வடித்த நீர்தான், ஏனென்றால் கடைசியாக ஊற்றுவதில் பாதி உள்ளேயே தங்குகிறது. உப்புத் தண்ணீரின் கால்சியம் சூடான இடத்தில் படிந்து மேலோடு கட்டும். குளோரைடு அலுமினியத்தைப் பொத்தலாக்கும்.

வடிப்புத் திருகு எங்கே இருக்கிறது என்று ஒரு படம் போடுங்கள். பெரும்பாலும் அது பிளாஸ்டிக், ரேடியேட்டரின் அடியில் ஒரு மூலையில், ஒரு ஓ-ரிங்கோடு இருக்கும். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு அதைத் திருகினால் முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மேல் மூடியைத் திறந்ததும் கொட்டும். திரும்பப் பூட்டும்போது கை இறுக்கமே போதும். இடுக்கி போட்டு இறுக்கினால் தலை கையோடு வந்துவிடும், பிறகு ரேடியேட்டரையே மாற்ற வேண்டி வரலாம். திருகே வைக்காத கார்களில் கீழ் ஹோஸைக் கழற்ற வேண்டும். ஒட்டிக்கொண்ட ஹோஸை ஸ்குரூடிரைவரால் நெம்பினால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து உடையும். முறுக்கிப் பார்த்து அசையவில்லையென்றால் ஹோஸை நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதிது போடுவதே மலிவு.

கழுவும்போது தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. பெரும்பாலும் 80 முதல் 90 டிகிரிக்குள் வந்தால்தான் அது திறக்கும். அதுவரை ஊற்றிய தண்ணீர் பிளாக்கின் பழையதோடு சரியாகக் கலக்காது. ஹீட்டரைச் சூட்டின் உச்சத்தில் வைத்து, மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓட்டி, அணைத்து, முழுக்க ஆறவிட்டு வடிக்க வேண்டும். ஆறுவதற்கு மணிக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுச் சூடான பிளாக்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். சூட்டில் மூடியைத் திறந்தாலோ, அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் இருப்பது முகத்தில் அடிக்கும். எஞ்சின் அணைந்த பிறகும் மின்விசிறி தானாகச் சுழலக்கூடும் என்பதையும் அதே இடத்தில், பெரிய எழுத்தில்.

ஏர் எடுப்பதுதான், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவதுதான், நீங்கள் அதிகம் மறைக்கிற விஷயம். காற்றை விடும் பிளீட் திருகு இருந்தால் அது எங்கே? காரின் முன்பக்கத்தை உயர்த்த வேண்டுமா? மின்சார வாட்டர் பம்ப் உள்ள சில கார்களில் எஞ்சினை ஓட்டாமல் பம்பை மட்டும் ஓட்டி ஏர் எடுக்கும் வழி உண்டு. அது வொர்க்‌ஷாப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைப் பிசைந்து பிசைந்து விட்டு, விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் வைத்தால் பல கார்களில் சரியாகிவிடும். ஏர் லாக் நின்றுவிட்டால் டாஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று சத்தம் கேட்கும், எஞ்சின் சூடாயிருக்க ஹீட்டரில் குளிர்காற்று வரும், வெப்பம் காட்டும் முள் திடீரென்று ஏறி இறங்கும். அந்த நிலையில் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) போகலாம். மறுநாள் ஆறிய எஞ்சினில் அளவு பார்த்து நிரப்பச் சொல்லவும் மறக்காதீர்கள்.

நிறத்தை எழுதுவதை நிறுத்துங்கள். பச்சை, சிவப்பு, நீலம் எதுவும் தரநிலை அல்ல, வெறும் சாயம். தேவை ஸ்பெசிஃபிகேஷன் எண். நிறத்தை நம்பி இரண்டு வகையைக் கலந்தால் மருந்தின் ஆயுள் குறையும், சில சமயம் கூழாகவும் திரளும்.

வடித்ததை என்ன செய்வது என்று ஒரு பெட்டிச் செய்தி போதும். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும்; நாயும் பூனையும் நக்கும், குழந்தையும் வாயில் வைக்கும். கொஞ்சமே சிறுநீரகத்தை முடக்கிவிடும். திறந்த தட்டில் விட்டுவிட்டு ஹோஸ் வாங்கப் போகக் கூடாது. மூடியுள்ள கேனில் ஊற்றி, பெயர் எழுதி, கழிவு எண்ணெய் வாங்குகிற இடத்தில் கூலன்ட்டும் எடுப்பார்களா என்று கேட்டுக் கொடுக்க வேண்டும். மழைநீர்க் கால்வாயில் ஊற்றக் கூடாது.

இவ்வளவுக்கும் இரண்டு பக்கம் போதும்.

இப்படிக்கு,
வீட்டு வாசலில் கார் பார்க்கிறவர்கள்