கோல் அடிக்க ஆள் வந்தாயிற்று. பந்து கொடுப்பது யார்?

(2024-25 பருவம் தொடங்குமுன் எழுதிய கடிதம்)

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 13ஆம் தேதி தொடங்கவிருக்கும் 2024-25 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துப் பருவத்துக்காகச் சென்னையின் எஃப்சி தன் அணியைப் பெருமளவு மாற்றிக் கட்டியிருக்கிறது. பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் இந்த அணியை முதல் பருவம் தொட்டுப் பார்த்துவருபவன் என்ற முறையில், இம்மாற்றங்களில் எனக்கு நம்பிக்கை தருவதையும் உறுத்தலாக இருப்பதையும் தங்கள் இதழ் வழியே சொல்ல விரும்புகிறேன்.

தொடர்ந்து மூன்று பருவங்கள் எட்டாம் இடத்திலேயே நின்றுவிட்ட அணியை, கடந்த ஆண்டு திரும்பிவந்த பயிற்சியாளர் ஓவன் கோயல் 27 புள்ளிகளுடன் ஆறாம் இடத்துக்கு ஏற்றி, கோப்பையைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் சுற்றுக்கும் கொண்டுசென்றார். இம்முறை அவர் தமக்குப் பழகிய வீரர்களையே அதிகம் நாடியிருக்கிறார். 2021-22இல் ஜாம்ஷெட்பூர் அணி அவர் பயிற்சியில் 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் எடுத்து, லீக் சுற்றில் முதலிடம் பெறும் அணிக்கான ஷீல்டை வென்றபோது உடனிருந்த டேனியல் சிமா சுக்வு, லால்டின்லியானா ரெந்த்லெய், பி.சி. லால்டின்புயா ஆகிய மூவரும் இப்போது நம்மிடம் வந்திருக்கிறார்கள். இவர்களில் ரெந்த்லெய் ஏற்கெனவே நமக்கு ஆடியவர் என்பதால், அவருடைய வரவைப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியதாகவே நான் எண்ணி மகிழ்கிறேன்.

முன்களத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடந்த பருவத்தில் பஞ்சாபுக்காக எட்டு கோல் அடித்த கொலம்பியர் வில்மர் ஜோர்டானும், 2022 ஜனவரியில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் கொல்கத்தா டெர்பியில் ஹாட்ரிக் அடித்த கியான் நசிரியும் சேர்ந்திருக்கிறார்கள். ஃபாரூக் சௌத்ரியும் இர்ஃபான் யாத்வாடும் தொடர்கிறார்கள். ஆகாஷ் சங்வான் கோவாவுக்குப் போனதால் காலியான இடது பின்களத்துக்கு, ஐஎஸ்எல்லின் மூத்த வீரர்களில் ஒருவரான மந்தார் ராவ் தேசாய் வந்திருக்கிறார். அவருடைய வேகம் முன்போல் இருக்குமா என்பதுதான் கேள்வி. தேப்ஜித் மஜும்தாருக்குப் பதில் வந்துள்ள கோல் கீப்பர் முகமது நவாஸ் இளையவர். அவருக்குப் பொறுமையாக வாய்ப்புத் தர வேண்டும்.

என் கவலை முழுவதும், கோல் வாய்ப்புகளை உருவாக்கித் தந்த பிரேசில் நடுக்கள வீரர் ரஃபேல் கிரிவெல்லாரோ விட்டுச்சென்ற இடத்தைப் பற்றியது. 35 வயதானவரை அனுப்பியதில் நிர்வாகத்துக்கு நியாயம் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் இல்லாமல் இந்த அணி என்ன ஆகும் என்பதை ஒருமுறை கண்ணாரக் கண்டிருக்கிறோம். 2019-20இல் நம் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்கள வீரர்) வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்ததும், பட்டியலின் அடியில் கிடந்த அணி கோயலின் கையில் இறுதிப்போட்டி வரை போனதும் கிரிவெல்லாரோவின் இடது காலிலிருந்து புறப்பட்ட பந்துகளால்தான். அடுத்த பருவத்தில், 2020 டிசம்பரில், அவர் காயமடைந்து வெளியேறிய பிறகு அதே அணி கோலுக்குத் தவித்தது. அந்தப் பருவத்தின் 20 ஆட்டங்களில் நாம் அடித்தவை மொத்தம் 17 கோல்கள். வென்றவை மூன்று, சமன் செய்தவை பதினொன்று. அன்று நம்மிடம் இல்லாமற்போனது, தற்காப்பைப் பிளந்து சரியான நேரத்தில் பந்தை முன்னே தள்ளும் அந்த ஒரு காலே.

அந்த வேலைக்கு பிரேசிலின் லூகாஸ் பிராம்பில்லாவை நிர்வாகம் மனதில் வைத்திருக்கிறது என்று கருதுகிறேன். களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தாம் ஆட முடியும் என்பதால், ரயன் எட்வர்ட்ஸ், எல்சின்ஹோ இருவரும் பின்களத்தில் நின்றால், ஜோர்டான், சிமா, பிராம்பில்லா, கானர் ஷீல்ட்ஸ் ஆகிய நால்வரில் இருவர் வெளியே அமர வேண்டியிருக்கும். அப்படி ஒரு நிலை வரும்போது ஜோர்டான், சிமா என இரண்டு ஸ்ட்ரைக்கர்களையும் இறக்கும் ஆசையைக் கோயல் அடக்கிக்கொள்ள வேண்டும். ஓயாமல் ஓடும் ஷீல்ட்ஸைப் பக்கவாட்டிலேயே நிறுத்திவிடாமல், ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் சற்று உள்ளே ஆடவிட்டுப் பார்க்கலாம் என்பது என் யோசனை.

வியாசர்பாடியின் தனபால் கணேஷ் போன்ற நம் ஊர்ப் பையன்கள் நடுக்களத்தை ஆண்ட அணி இது. புதிய பட்டியலில் அப்படி ஒரு பெயரைத் தேட வேண்டியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நம் முதல் ஆட்டம் 14ஆம் தேதி புவனேஸ்வரில், ஒடிசாவுடன். நாம் வளர்த்து அனுப்பிய ரஹீம் அலி இப்போது அந்த அணியில்தான் இருக்கிறார். அன்று மாலை நம் நடுவட்டத்துக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் இடையே யார் நிற்கிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இப்படிக்கு,
சென்னையின் எஃப்சி ரசிகர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை