பீரங்கிக்கு அஞ்சாத கூரை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையின் பழைமை பற்றிப் பேசும் கட்டுரைகள் புனித ஜார்ஜ் கோட்டையைச் சட்டசபையோடு முடித்துவிடுகின்றன. அதே மதிலுக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. சூயஸுக்குக் கிழக்கே உள்ள ஆங்கிலிக்கன் தேவாலயங்களில் மிகப் பழையது இதுதான்.

ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் கவர்னராக இருந்தபோது, 1678-ல் வேலை தொடங்கியது. செலவு கிழக்கிந்தியக் கும்பெனியின் கஜானாவிலிருந்து வரவில்லை. கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் தங்களுக்குள் வசூலித்துக் கட்டினார்கள். 1680 அக்டோபர் 28-ல் பிரதிஷ்டை. அடுத்த வாரமே எலிஹு யேலுக்கு இங்கே கல்யாணம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தாங்கியிருக்கும் பெயர் இவருடையதுதான். ராபர்ட் கிளைவ் மணம் முடித்ததும் இங்கேதான், 1753-ல்.

என்னை ஈர்ப்பது கல்யாணக் கதைகளல்ல, கூரை. குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும் என்று, மர உத்தரமே இல்லாமல், கனத்த செங்கல் வளைவாக எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கோயிலா, வெடிமருந்துக் கிடங்கா என்று சந்தேகம் வரும். 1758-59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டதையும் தாண்டி அந்தக் கூரை நிற்கிறது. கோபுரம் பிற்காலச் சேர்க்கை.

வெளி முற்றத்தில் பதித்திருக்கும் கற்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். தளக்கற்கள் அல்ல, கல்லறைக் கற்கள்! கோட்டைக்கு வெளியே இருந்த பழைய இடுகாட்டிலிருந்து கொண்டுவந்தவை. கோட்டை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்கள் இங்கேயும் அரைமணி நேரம் ஒதுக்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை